கடதாசி மணிக்கூடு: புதிதாய் வந்தவர்களுக்கு நேரமும் ஆங்கிலமும் கற்றுத்தந்த கதை



ஆண்டு நிறைவு மலர் என்றால் அதில் ஆலயத்தின் வரலாறு இருக்கும், போதகர்மாரின் படங்கள் இருக்கும், பாடகர் குழுவின் கதையும் இருக்கும். அவற்றை எழுத என்னிலும் தகுதியானவர்கள் நமது சபையில் உண்டு. நான் எழுத வந்தது நமது கீழ் மண்டபத்தின் பின்சுவரில் தொங்கும் ஒரு கடதாசி மணிக்கூட்டைப் பற்றி. விருந்து நாட்களில் நீங்கள் அதன் கீழே நின்று தேநீர் குடித்திருப்பீர்கள். கடதாசித் தட்டு ஒன்று, மட்டையில் வெட்டிய இரண்டு முட்கள், நடுவில் ஒரு பித்தளை ஊசி. அது தானாக ஓடாது. சனிக்கிழமை காலை ஆங்கில வகுப்பில் யாராவது முள்ளைத் திருப்பினால்தான் அதற்கு நேரம் உண்டு.

அந்த வகுப்பில் ஆரம்ப நிலையினருக்கு முதலில் கற்பிப்பவை இரண்டு. ஒன்று, மணி பார்த்துச் சொல்வது. மற்றது, ஒரு காரியம் எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்று சொல்லும் சின்னச் சொற்கள். பார்க்க எளிய பாடம்தான். ஆனால் இதன் பின்னால் நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது, அதில் சபைகளுக்கும் பெரும் பங்கு உண்டு. அதை அறிந்தால் அந்தக் கடதாசித் தட்டை நாம் வேறு கண்ணால் பார்ப்போம்.

முதலில், இந்தப் பாடம் ஏன் கடினம் என்று சொல்கிறேன். ஆசிரியர் 'குவாட்டர் டு டென்' என்கிறார். மாணவர் முள்ளைத் திருப்பிப் பத்தேகாலில் வைக்கிறார். இது கவனக்குறைவு அல்ல. 'குவாட்டர்' என்றால் கால், 'டென்' என்றால் பத்து. இரண்டையும் சேர்த்தால் நமது காதுக்குப் பத்தேகால்தானே? தமிழில் நாம் கடந்துபோன மணியிலிருந்து எண்ணுகிறோம்: ஒன்பது, ஒன்பதேகால், ஒன்பதரை, ஒன்பதேமுக்கால். ஆங்கிலமோ அரை மணி தாண்டியதும் திரும்பி நின்று, வரப்போகும் மணியைப் பார்த்து எண்ணத் தொடங்குகிறது. ஒன்பதேமுக்காலுக்கு வேலைக்குப் போகவேண்டியவர் அரை மணித்தியாலம் பிந்தினால் அதன் காரணம் சோம்பலாக இராமல் இந்த ஒரு சொல்லாகவும் இருக்கலாம்.

இதற்கான மருந்தும் தமிழிலேயே இருக்கிறது. ஆலயத்துக்குப் புறப்படும்போது வீட்டில் ஒருவர் 'பத்தாகக் கால் மணித்தியாலம் கிடக்கு' என்று அவசரப்படுத்துவார் அல்லவா? அதுதான் 'குவாட்டர் டு டென்'. இதைச் சொன்னதும் வகுப்பில் முகங்கள் தெளிவதைப் பார்க்கலாம். ஆகவே நமது வகுப்பில் முழு மணி முதலில், பிறகு அரை, பிறகு மணி தாண்டிய கால், கடைசியில்தான் மணிக்கு முந்திய கால் என்ற ஒழுங்கைப் பின்பற்றுகிறோம்.

நேரத்தை மாற்றிப் படித்துத் தடுமாறியவர்கள் நாம் மட்டும் என்று எண்ணவேண்டாம். உலகத்தின் மணிக்கூடுகளை ஒழுங்குபடுத்தப் பாடுபட்ட ஒருவரும் அப்படித் தடுமாறியவரே. ஸ்கொட்லாந்திலிருந்து 1845இல் கனடாவுக்கு வந்த சான்ட்ஃபோர்ட் ஃப்ளெமிங் என்ற ரயில்பாதைப் பொறியியலாளர் 1876இல் அயர்லாந்தின் ஒரு சிறிய நிலையத்தில் ரயிலைத் தவறவிட்டார் என்று சொல்வார்கள். கால அட்டவணையில் காலை என்று அச்சிடவேண்டிய இடத்தில் மாலை என்று அச்சாகியிருந்ததாம். இரவு முழுவதும் நிலையத்தில் காத்திருந்த அவர், ஒரே நாளில் இரண்டு தடவை ஐந்து மணி வருவது ஏன், ஊருக்கு ஊர் நேரம் வேறுபடுவது ஏன் என்று சிந்திக்கத் தொடங்கினார்.

அக்காலத்தில் ஒவ்வொரு பட்டணமும் தன் தலைக்கு மேல் வரும் சூரியனைப் பார்த்தே நண்பகலை வைத்தது. ரொறன்ரோவில் பன்னிரண்டு மணியாகும்போது மொன்றியலில் ஏறத்தாழ 12.23 ஆகியிருக்கும். நமது முன்னோர் கணக்கில் இது கிட்டத்தட்ட ஒரு நாழிகை. நாழிகை என்பது 24 நிமிடம், அறுபது நாழிகை ஒரு நாள். மாட்டுவண்டியில் போகிறவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ரயிலில் போகிறவருக்குத் தெரியும். ஃப்ளெமிங் 1879இல் ரொறன்ரோவில், கனேடியக் கல்விக்கழகத்தின் முன்னிலையில், உலகத்தை 24 நேர வலயங்களாகப் பிரிக்கும் தமது திட்டத்தை வாசித்தார். 1883 நவம்பர் 18ஆம் தேதி வட அமெரிக்க ரயில் கம்பனிகள் பொது நேரத்துக்கு மாறின. 1884இல் வாஷிங்டனில் கூடிய மாநாடு கிரீனிச்சைத் தொடக்கக் கோடாக ஏற்றுக்கொண்டது. ஆகவே நாம் இந்நாட்டில் இறங்கியதும் மாற்றி வைத்த மணிக்கூட்டின் கதை நாம் வாழும் இந்த நகரத்தோடு சம்பந்தப்பட்டதே.

நமது ஊர்களுக்கும் இந்தப் பொது நேரம் வந்தது. 1906 முதல் இலங்கையின் நேரம் கிரீனிச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. பின்னர் நமக்கு நினைவிருக்கும் காலத்திலேயே இன்னொரு குழப்பம் வந்தது. மின்சாரத்தை மிச்சப்படுத்த 1996 மே மாதத்தில் நாட்டின் மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள், அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தார்கள், 2006 ஏப்ரலில் பழைய நேரத்துக்கே திரும்பினார்கள். அந்தப் பத்து ஆண்டுகளும் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரமே நடந்தது. ஒரு சோதனைச் சாவடியைக் கடந்தால் மணிக்கூடும் மாறியது. 'பழைய நேரமா, புதிய நேரமா' என்று கேட்டு வாழ்ந்தவர்கள் நமது வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நேரம் தெரியாது என்று யாரும் சொல்லக்கூடாது. அவர்களுக்குத் தெரிந்த நேரத்தைச் சொல்ல ஆங்கிலம்தான் இன்னும் வரவில்லை.

வேதத்தை வாசிக்கிறவர்களுக்கு இன்னுமொரு மணிக்கூடும் தெரியும். பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு எழுந்து நின்று பேசியது பகலின் மூன்றாம் மணி வேளையில். இந்தக் கணக்கு விடியலிலிருந்து தொடங்குவதால் அது நமது காலை ஒன்பது மணி. சிலுவையின் நாளில் இருள் சூழ்ந்த ஆறாம் மணி நண்பகல், ஒன்பதாம் மணி பிற்பகல் மூன்று. நேரத்தை எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பது இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறும் ஏற்பாடு என்பதை நமது பெரியவர்களுக்குப் புரியவைக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இனிக் கற்றுக்கொடுத்தவர்களின் கதைக்கு வருவோம். 1780இல் இங்கிலாந்தின் குளொஸ்டர் பட்டணத்தில் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பாடசாலையைத் தொடங்கியபோது, வாரத்தின் ஆறு நாளும் வேலை செய்த ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்து வாசிப்பைக் கற்றுக்கொடுப்பதும் அதன் நோக்கமாக இருந்தது. அவர்களுக்குக் கிடைத்த ஓய்வு நாள் அது ஒன்றே. உழைப்பவனுக்கு எப்போது ஓய்வோ அப்போதே வகுப்பு என்ற வழக்கத்துக்கு ஒரு முன்மாதிரி அங்கே கிடைத்தது. நமது வகுப்பு சனிக்கிழமை காலையில் நடப்பதும் அதே காரணத்தால்தான்.

கனடாவில் இந்த வழக்கத்தைக் காட்டுக்குள் கொண்டுபோனவர் நோவா ஸ்கோஷியாவில் பிறந்த பிரஸ்பிட்டேரியன் போதகர் அல்ஃபிரட் ஃபிட்ஸ்பட்ரிக். கிங்ஸ்டனில் உள்ள குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் அவர் படித்த காலத்தில் அதன் வேந்தராக இருந்தவர் நாம் மேலே கண்ட ஃப்ளெமிங். ஒன்ராறியோவின் வடக்கே மரம் வெட்டும் முகாம்களில் வேலை செய்தவர்களுக்கு 1899இல் ஃபிட்ஸ்பட்ரிக் வாசிப்புக் கூடங்களை அமைத்தார். புத்தகத்தை வைத்துவிட்டுப் போனால் மட்டும் போதாது என்று விரைவில் கண்டார். எழுத்தறியாதவரும் ஆங்கிலம் அறியாதவரும் அங்கே பலர். ஆகவே 'தொழிலாளி ஆசிரியர்' என்ற முறையைக் கொண்டுவந்தார். படித்த இளைஞர் ஒருவர் பகலில் மற்றவர்களோடு சேர்ந்து மரம் வெட்டுவார், ரயில்பாதையில் மண் சுமப்பார். இரவில் அதே மனிதர்களுக்குக் கூடாரத்தில் பாடம் சொல்லுவார். பின்னாளில் சீனத்தில் புகழ்பெற்ற மருத்துவர் நோர்மன் பெத்யூனும் 1911இல் இப்படிப் பணிசெய்தவர். 1919இல் ஃபிட்ஸ்பட்ரிக் புதிய கனேடியர்களுக்கென ஒரு கைந்நூலும் வெளியிட்டார். ஃப்ரன்டியர் கொலிஜ் என்ற பெயரில் பல தலைமுறைகளுக்கு அறிமுகமான அந்த இயக்கம் இன்றும் வேறு பெயரில் எழுத்தறிவுப் பணி செய்துவருகிறது.

ஏறத்தாழ அதே காலத்தில் எல்லைக்கு அப்பால் பீட்டர் ராபர்ட்ஸ் என்பவர் பாடம் எழுதிக்கொண்டிருந்தார். வேல்ஸில் பிறந்து, பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் கொங்கிரிகேஷனல் போதகராக இருந்தவர் அவர். 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியையும் 1824இல் உடுவில் மகளிர் பாடசாலையையும் தொடங்கிய அமெரிக்க மிஷனரிமாரில் பெரும்பாலோரை அனுப்பியதும் இதே சபை மரபுதான். ராபர்ட்ஸ் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்துக்காக, குடியேறிய தொழிலாளருக்கென்று எழுதிய பாடங்கள் இலக்கணத்தில் தொடங்கவில்லை. முதற் பாடத்தில் ஒரு மனிதன் காலையில் கண் விழிக்கிறான், கைக்கடிகாரத்தைத் தேடுகிறான், மணி என்ன என்று பார்க்கிறான், எழும்புகிறான். ஆசிரியர் ஒவ்வொன்றையும் நடித்துக் காட்டுவார், மாணவர்கள் பார்த்துச் சொல்லுவார்கள். ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் செயல்களை வரிசையாகச் சொல்லிப் பழகும் இந்த முறையை முன்வைத்தவர் பிரெஞ்சுக்காரரான ஃபிரான்ஸ்வா கூயன். அகராதியை மனப்பாடம் செய்து ஜெர்மன் மொழியைக் கற்க முயன்று தோற்றவர் அவர். ஊர் திரும்பிய பின்பு, ஒரு மாவு ஆலையைப் பார்த்துவந்த மூன்று வயதுச் சிறுவன் தான் கண்டதை ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு விளையாடுவதைக் கவனித்து, மொழி பிறக்கும் வழி இதுவே என்று உணர்ந்தார். நமது வகுப்பில் 'ஐ கெட் அப் அட் சிக்ஸ்' என்று தொடங்கும் பாடத்தின் வேர் அங்கே இருக்கிறது.

ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும். நேரத்தைக் கற்பித்தவர்கள் எல்லாரும் ஒரே மனதோடு கற்பிக்கவில்லை. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் என்ற பெரிய இயந்திர நிறுவனம் தன் தொழிலாளருக்குத் தயாரித்த ஆங்கிலப் பாடத்தில், ஊதல் கேட்டதும் விரைந்து போகவும் வாயிற்பலகையிலிருந்து தன் வில்லையை எடுத்துத் தன் பகுதியின் பலகையில் மாட்டவும் சொல்லிக்கொடுத்தது. ஃபோர்ட் மோட்டார் கம்பனி 1914இல் தொடங்கிய ஆங்கிலப் பள்ளியும் ராபர்ட்ஸின் முறையைக் கைக்கொண்டது, ஆனால் தொழிலாளியைத் தான் விரும்பிய அமெரிக்கனாக வார்ப்பதே அதன் எண்ணம். ஃபிட்ஸ்பட்ரிக்கின் கைந்நூலிலும் அக்காலத்துக்குரிய அந்தத் தொனி இல்லாமல் இல்லை. முதலாளியின் மணிக்குக் கீழ்ப்படிய மட்டும் நேரத்தைக் கற்பிக்கலாம். தன் நாளைத் தானே எடுத்துச் சொல்லவும் கற்பிக்கலாம். பாடம் ஒன்றுதான், நோக்கம் வேறு. இந்த வேறுபாட்டை உணர்த்துவது அடுத்துவரும் சின்னச் சொற்களே.

'ஆல்வேய்ஸ், யூஷுவலி, ஒஃபன், சம்டைம்ஸ், செல்டம், நெவர்.' எப்போதும், வழக்கமாக, அடிக்கடி, இடைக்கிடை, அரிதாக, ஒருபோதும் இல்லை. இவற்றை வாக்கியத்தில் எங்கே வைப்பது என்பது அந்நிய மொழிக்காரருக்கு எப்போதும் தொல்லை. 1923இல் டோக்கியோவில் ஆங்கிலக் கற்பித்தல் ஆய்வு நிறுவனத்தை அமைத்த ஹெரல்ட் பாமரும், 1924இல் ஜப்பானுக்கு ஆசிரியராகப் போன ஏ. எஸ். ஹோர்ன்பியும், கற்பவரின் பக்கத்தில் நின்று ஆங்கில வாக்கியங்களின் அமைப்பை வகைப்படுத்தினார்கள். ஹோர்ன்பியும் தோழர்களும் தொகுத்து 1942இல் டோக்கியோவில் வெளியான அகராதியே பின்னர் ஒக்ஸ்ஃபோர்ட் பதிப்பாக உலகெங்கும் பரவியது. உங்கள் பிள்ளைகளின் மேசையில் அதன் பேரப்பிள்ளை ஒன்று இருக்கக்கூடும்.

நமது வகுப்பில் இதற்கு இரண்டு விதிகள் போதும். சாதாரண வினைச்சொல் வந்தால் இந்தச் சொல் அதற்கு முன்னே நிற்கும்: 'ஐ ஆல்வேய்ஸ் கம் ஏர்லி.' 'ஆம், இஸ், ஆர்' வந்தால் பின்னே நிற்கும்: 'ஐ ஆம் ஆல்வேய்ஸ் ஏர்லி.' இன்னும் ஓர் எச்சரிக்கை உண்டு. தமிழில் 'ஒருபோதும்' என்று சொன்னால் வினையும் 'இல்லை' என்று முடியவேண்டும். ஆங்கிலத்தில் 'நெவர்' அந்த இல்லையையும் தனக்குள் வைத்திருக்கிறது. ஆகவே 'ஐ நெவர் டோன்ட் ஈட்' என்று நாம் சொல்லும்போது இரண்டு இல்லைகள் வந்துவிடுகின்றன.

பொருளை விளக்க ஏழு கட்டங்கள் போட்ட ஒரு தாளைக் கொடுப்போம், நாளுக்கு ஒரு கட்டம். ஏழும் நிறம் தீட்டினால் 'ஆல்வேய்ஸ்'. ஐந்தோ ஆறோ என்றால் 'யூஷுவலி'. மூன்று நான்கு 'ஒஃபன்'. ஒன்று இரண்டு 'சம்டைம்ஸ்'. ஒன்றுமே இல்லையென்றால் 'நெவர்'. இது கணக்காகப் பிடிக்கும் விதி அல்ல, ஆரம்பத்தில் பிடித்து நடக்க ஒரு கைத்தடி.

இந்தத் தாளால் நடந்த ஒன்றை, சம்பந்தப்பட்ட அம்மாவின் அனுமதியோடு, பெயர் சொல்லாமல் எழுதுகிறேன். பிள்ளைகளின் அழைப்பில் இங்கு வந்தவர் அவர். நெஞ்சு நோவுக்காக வைத்தியரிடம் போனார். மகளுக்கு வேலை, ஆகவே தனியே போனார். எவ்வளவு அடிக்கடி நோகிறது என்று வைத்தியர் கேட்டார். அம்மாவுக்குத் தெரிந்த ஒரே சொல் 'சம்டைம்ஸ்'. மூன்று தடவை போனார், மூன்று தடவையும் அதையே சொன்னார். நமது பெண்களுக்கு நோவைக் குறைத்துச் சொல்லும் பழக்கமும் உண்டு, 'இடைக்கிடைதான் தம்பி, அது பெரிசில்லை' என்பார்கள். ஒரு சனிக்கிழமை அந்த ஏழு கட்டத் தாளை அவரிடம் கொடுத்தபோது ஏழையும் தீட்டினார். என்ன இது, தேநீரா, ஜெபமா என்று சிரித்தபடி கேட்டோம். அவர் நெஞ்சில் கை வைத்து, 'ஒவ்வொரு இரவும் படுத்தால் வரும் பிள்ளை' என்றார். வகுப்பு அமைதியானது. 'எவ்ரி நைட், வென் ஐ லை டவுன்' என்ற ஒரு வாக்கியத்தை அன்று முழுவதும் அவர் சொல்லிப் பழகினார். அடுத்த தடவை வைத்தியரிடம் அதைச் சொன்னார். அன்றே பரிசோதனைக்கு அனுப்பப்பட்டார். தேவ கிருபையால் இன்று அவர் நமது முன்வரிசையில் இருந்து பாடுகிறார்.

வாசகரே, வைத்தியரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் கேள்வியைச் சரியாகவே கேட்டார். பதிலுக்கான சொல்தான் அந்த அம்மாவிடம் இருக்கவில்லை. ஒரு மனிதர் தன் வாழ்க்கையைப் பற்றிய உண்மையைத் தன் வாயால் சொல்ல ஆறு சொற்கள் வேண்டியிருக்கின்றன. அவற்றைக் கொடுப்பது தர்மம் அல்லாமல் வேறென்ன?

நமக்கும் ஒருகாலத்தில் இவற்றை யாரோ கொடுத்தார்கள். 1983க்குப் பின்பு நம்மவர் இந்நாட்டுக்கு அலையலையாக வந்தனர். 1986 ஓகஸ்டில் 155 தமிழர் உயிர்காப்புப் படகுகளில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் தத்தளித்தபோது அவர்களைக் கரைசேர்த்தவர்கள் அவ்வூர் மீனவர்கள். அரசாங்கம் புதியவர்களுக்கான ஆங்கில வகுப்புத் திட்டத்தை நாடளாவிய முறையில் ஒழுங்குபடுத்தியது 1992இல்தான். அதற்கு முன்னரும் பின்னரும் பலருக்கு முதல் வகுப்பறை ஏதோ ஒரு ஆலயத்தின் கீழ் மண்டபமாகவே இருந்தது. பெயர் தெரியாத ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, கையில் ஒரு கடதாசித் தட்டு, 'வட் டைம் இஸ் இட்?' என்ற கேள்வி. உங்களில் சிலருக்கு இதை வாசிக்கும்போதே அந்த முகம் நினைவுக்கு வரும்.

இன்று நமது பிள்ளைகள் ஆங்கிலத்தில் கனவு காண்கிறார்கள். ஆகவே இந்த வகுப்பு இனி எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. அண்மைய நாட்களில் வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் தமிழர் அல்ல. வேறு நாடுகளில் வேறு போர்களைக் கண்டு வந்தவர்கள். அவர்களும் முள்ளைத் தப்பான பக்கம் திருப்புகிறார்கள், ஒவ்வொருவரும் தத்தம் மொழியின் காரணத்தோடு. ஆசிரியர்களோ மூன்று பேர், மூவருக்கும் எழுபது வயது தாண்டிவிட்டது. பகலில் உடனிருந்து உழைத்து இரவில் கற்பித்த அந்த இளைஞர்களைப் போல, தானும் ஒருநாள் அந்நியனாய் இருந்தவனே நல்ல ஆசிரியன் ஆவான். அந்தத் தகுதி இந்த மலரை வாசிக்கும் பெரும்பாலானோருக்கு உண்டு. பட்டம் தேவையில்லை. ஒரு முள்ளைத் திருப்பி, பொறுமையோடு காத்திருக்கத் தெரிந்தால் போதும்.

வாலிபர்களே, உங்களிடம்தான் கேட்கிறேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை தாருங்கள். 'சம்டைம்ஸ்' என்று தொடங்குங்கள், அது 'யூஷுவலி' ஆவதைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார். கீழ் மண்டபத்தின் கதவு காலை ஒன்பதேமுக்காலுக்குத் திறக்கும். பத்தாகக் கால் மணித்தியாலம் இருக்கும்போது வந்து சேருங்கள், கதிரைகள் அடுக்கவும் ஆள் வேண்டும்.